ஞாயிற்றுக்கிழமை ஊசி

மாலை ஐந்து நாற்பது. கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அத்தானின் வலது முழங்கையில் ஒட்டியிருந்த வட்டமான பிளாஸ்டர். முழங்கையின் வெளிப்புறத்தில், எலும்பு முட்டிக்கொண்டு நிற்கிற இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே. அந்தக் கை தோளுக்கு மேலே உயர்ந்து பரோட்டாக் கல்லின் மீது இறங்கிக்கொண்டிருந்தது. கையில் கொத்துக் கரண்டி. கல்லில் முட்டையும் வெங்காயமும் பிய்த்துப் போட்ட பரோட்டாவும்.

கோவில்பட்டியில் பரோட்டாக் கடை வைத்திருப்பவர்களில் பலரும் மாஸ்டரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்வார்கள். அத்தான் என் அக்காவின் கணவர். அவர் கடைக்கு முதலாளியும் அவரே, மாஸ்டரும் அவரே. மாவு பிசைவது, உருட்டுவது, வீசுவது, கல்லில் போடுவது, கொத்துவது எல்லாம் அவர் கை. சால்னாவும் கல்லாவும் அக்கா. இலை போட்டுப் பரிமாற ஓர் ஆள். அத்தானின் கை நின்றால் கடை நிற்கும். எங்கள் குடும்பத்தில் யாரும் மறுத்துப் பேசாத விஷயம் இது ஒன்றுதான்.

"மத்தியானம்தான ஊசி போட்டீங்க அத்தான்?" என்றேன்.

"ஆமா மாப்ள. பன்னெண்டு மணிக்கு."

"கைக்கு வேல குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலியா?"

"சொன்னாரு. அவரு சொல்லத்தான் செய்வாரு. இங்கன பாரு." கரண்டியை இன்னும் ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி இறக்கினார். "வலியே இல்ல. அஞ்சு மாசமா உசுர எடுத்த வலி, போன எடம் தெரியல. ஊசின்னா இதுல்லா ஊசி."

அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் அவரால் தண்ணீர்ச் சொம்பைத் தூக்க முடியவில்லை. வலது கையை இடது கையால் தாங்கியபடி வீட்டுக்குப் போனார். மறுநாள் அதைப் பற்றிக் கேட்டபோது, "ஊசின்னா மொத நாளு அப்பிடித்தான் இருக்கும்" என்றார். முதல் நாள் மாலையில் வலி இல்லாததும் ஊசியின் பெருமை, முதல் நாள் இரவில் வலித்ததும் ஊசியின் பெருமை.

மதுரையில் ஒரு நாளிதழில் மற்றவர்கள் எழுதிய செய்திகளைத் திருத்தியே என் உத்தியோகக் காலம் முடிந்தது. ஊர் திரும்பி அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். நாளிதழில் எனக்குக் கிடைத்த பயிற்சி ஒன்றே ஒன்று. ஒருவர் ஒன்றை நல்லது என்றால், எதைவிட நல்லது, யாருக்கு, எவ்வளவு நாளைக்கு என்று கேட்க வேண்டும். அத்தானின் கடையில் அந்தக் கேள்விகளுக்கு இடமில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அந்த முதல் ஊசி ஸ்டீராய்டு. மூன்று வாரம் நன்றாகவே இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தான் பாட்டு முணுமுணுத்தபடி மாவு பிசைந்தார். ஊசி போட்ட மறுநாளிலிருந்து சில நாட்கள் அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. அவர் பழியைச் சர்ச்சில் நடந்த கல்யாணத்தின் அல்வா மீது போட்டார். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சர்க்கரைக்காரர்களுக்குச் சில நாள் அப்படி ஏறும் என்று மருந்துக் கடைக்காரரே என்னிடம் சொன்னார். நான் அத்தானிடம் சொன்னேன். "அப்பம் அல்வா சாப்பிட்டிருக்கலாம்லா" என்றார். சாப்பிட்டிருந்தார்.

நான்காவது வாரம் வலி திரும்பியது. அது திரும்பியதும் கடைக்குள் பேச்சு தொடங்கியது.

பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மாஸ்டரின் கைதான் கண்ணுக்கு நேரே இருக்கிறது. அதைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல் சாப்பிட அவர்களால் முடிவதில்லை. புதூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் ஞாயிறுதோறும் பஸ் ஏறி டவுனுக்கு வந்து, வாங்க வேண்டியதை வாங்கிவிட்டு, ஊருக்குத் திரும்புமுன் எங்கள் கடையில் சாப்பிடுவார். அவர் தன் தோளைத் தொட்டுக் காட்டினார்.

"அண்ணாச்சி, எனக்கு இந்தா, தோளுல போட்டாவ. மக்காச்சோளத்துக்கு மருந்தடிச்சி மருந்தடிச்சிக் கை மேல ஏறல. சட்ட மாட்டணும்னா பெஞ்சாதி வரணும். ஒரே ஊசி. இப்பம் பாருங்க." இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். பின்னால் சால்னா வாளியோடு வந்த ஆள் குனிந்து தப்பித்தார்.

"என்ன ஊசிவே அது?" அத்தான் கேட்டார்.

"வெள்ளையா இருந்துச்சி."

பார்சலுக்காக நின்றுகொண்டிருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், எங்கள் சபையைச் சேர்ந்தவர், இடையில் புகுந்தார். "வெள்ளை சிவப்பெல்லாம் இல்ல. ஊசி போட்டா வலிக்கணும். எனக்குக் கட்டவிரலுக்கு அடியில போட்டாங்க. அன்னைக்கி ராத்திரி முழுக்க கர்த்தரே கர்த்தரேன்னு கெடந்தேன். நாலாம் நாளு வெரலு பூ மாதிரி மடங்குது. ஒங்களுக்கு வலிக்கலைல்லா? அப்பம் அது கேக்காது."

"அப்படியா சொல்லுதீங்க டீச்சர்?"

"நான் எதுக்குப் பொய் சொல்லுதேன்."

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் என் எரிச்சல். சம்சாரிக்கு இறுகிப்போனது தோள் மூட்டு. அந்த மூட்டுக்குள் போட்ட ஊசி அது. டீச்சருக்குக் கட்டைவிரல் அடியில் தசைநாண் ஓடுகிற உறை வீங்கியிருந்தது. அத்தானுடையது இரண்டும் இல்லை. மணிக்கட்டை நிமிர்த்துகிற தசையை முழங்கை எலும்போடு கட்டிவைத்திருக்கிற நாண். வருடக்கணக்காகக் கரண்டியை ஓங்கி ஓங்கி அது நைந்திருந்தது. மூன்றும் கையில் இருக்கின்றன. மூன்றிலும் ஊசி போட்டிருக்கிறார்கள். இதற்கு மேல் ஒப்பிட அங்கே ஒன்றும் கிடையாது. இதை நான் பொறுமையாகச் சொன்னேன். சம்சாரி முழுவதும் கேட்டுவிட்டு, "சார் சொல்லுதது சரிதான். ஆனா அந்த வெள்ள ஊசி நல்ல ஊசி" என்றார்.

இரண்டாவது ஊசி எனக்குத் தெரியாமல் நடந்தது. எங்கள் ஊரில் எலும்பு மூட்டு நிபுணர்கள் பலரும் வெளியூர்க்காரர்கள். மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, இரண்டு மணிக்குள் பார்த்து முடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கிளினிக் வாசல்களில் ஞாயிறு தோறும் என்று பெயர்ப்பலகை தொங்கும். அது எல்லோருக்கும் வசதி. கிராமத்து ஆட்களுக்கு அன்றைக்குத்தான் டவுன் வேலை. எங்களைப் போன்றவர்கள் ஆராதனை முடிந்து வருகிற வழியிலேயே டோக்கன் போட்டுவிடலாம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானும் அக்காவும் வேறொரு கிளினிக்கில், வேறொரு டாக்டரிடம் போயிருக்கிறார்கள்.

"முன்னாடி ஊசி போட்டிருக்கீங்களா" என்று அந்த டாக்டர் கேட்டிருக்கிறார். "இல்ல சார்" என்றிருக்கிறார் அத்தான். அவர் அதே ஸ்டீராய்டைப் போட்டு அனுப்பிவிட்டார்.

"ஏன் அத்தான் சொல்லல?"

"நல்லா இருக்கே கத. பொண்ணு பாக்கப் போற வீட்டுல, போன வாரம் பாத்துட்டு வந்த வீட்டப் பத்திச் சொல்லுவாவளா?"

"இது பொண்ணு பாக்கிறது இல்ல அத்தான்."

"மனுசன் மனசு எல்லா எடத்துலயும் ஒண்ணுதான் மாப்ள. அங்கன வேலைக்கு ஆகாததுனாலதான் எங்கிட்ட வந்தியான்னு டாக்டருக்குத் தோணும்லா?"

அக்கா சால்னாவைக் கிண்டியபடி, "நான் சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். இவிய காலால மிதிச்சிட்டாவ" என்றாள்.

அந்த ஊசியின் பலன் முதல் ஊசியின் பலனில் பாதி நாள்கூட இல்லை. அத்தான் ஒரு முடிவுக்கு வந்தார். முதல் டாக்டர் கெட்டிக்காரர், இரண்டாவது டாக்டர் சுமார். ஒரே மருந்து, ஒரே நாண், இரண்டாம் தடவை என்பது அவர் கணக்கில் வரவே இல்லை.

கொஞ்ச நாளில் அவர் முழங்கையில், ஊசி குத்திய இடத்தைச் சுற்றி, தோல் வெளுத்தது. அக்கா முதலில் மாவு ஒட்டியிருக்கிறதென்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தாள். மைதாவில் பிழைக்கிற வீட்டில் வேறெப்படி நினைப்பார்கள். தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்த பிறகுதான் அது மாவு இல்லை என்று தெரிந்தது.

மூன்றாவது ஊசிக்கு நானும் போனேன். நானே விசாரித்து, நானே டோக்கன் போட்ட டாக்டர். மற்ற நாட்களில் திருநெல்வேலியில் பார்க்கிறவர், ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு வருகிறவர். அத்தானின் சட்டைக் கையை மடக்கியதுமே அவர் அந்த வெளுத்த இடத்தைப் பார்த்தார்.

"இங்க எத்தனை தடவ போட்டிருக்கு?"

"ஒரு தடவ சார்" என்றார் அத்தான்.

"ரெண்டு" என்றேன் நான்.

அத்தான் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. டாக்டர் எந்தச் சலனமும் இல்லாமல் எழுதிக்கொண்டார். பிறகு பேசினார். இந்த ஒரு வருடத்தில் ஊசிகளைப் பற்றி ஒழுங்காக நான் கேட்ட பேச்சு அதுதான். ஸ்டீராய்டு வலியை அடக்கும், சீக்கிரமாகவே அடக்கும், ஆனால் நைந்த நாணை அது கட்டுவதில்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போடாமல் கைக்கு ஓய்வு கொடுத்தவர்களைவிடப் போட்டவர்கள் மேலாக இருப்பதாகச் சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப அதே இடத்தில் போட்டால் நாணே பலவீனப்படலாம். ஆகவே அவர் அதைப் போட மாட்டார். முழங்கால் தேய்மானத்துக்குப் போடுகிற ஜெல் ஊசி மூட்டுக்கானது, இதற்கு இல்லை. செறிவான குளுக்கோஸைப் போடுகிறவர்களும் உண்டு.

இந்த இடத்தில் அத்தான் எழுந்தே விட்டார். "சார், எனக்குச் சர்க்கர இருக்கு. எனக்குப் போயி குளுக்கோஸா?"

"உங்களுக்குப் போடுறேன்னு நான் சொல்லல. இன்னொன்னு, உங்க ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மிஷின்ல சுத்தி, அதுல ஒரு பகுதியை மட்டும் பிரிச்சு நாண்ல போடுறது. பி.ஆர்.பி.ன்னு சொல்லுவோம். சிலருக்கு நல்லாக் கேக்குது. சிலருக்குக் கேக்கல. யாருக்குக் கேக்கும்னு முன்னாலயே என்னால சொல்ல முடியாது. போட்ட பிறகு ஒரு வாரம் இப்ப இருக்கிறதவிட அதிகமா வலிக்கும். அந்த வலிக்கு நீங்களா மாத்திர வாங்கிப் போடக் கூடாது. பலன் தெரிய மாசக்கணக்காகும்."

"சாயங்காலம் வலி போயிருமா சார்?"

"மாசக்கணக்காகும்னேன்."

"இல்ல, மொத ஊசி போட்டப்ப அன்னைக்கிச் சாயங்காலமே போயிருச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது ஊசி குணமாக்குனதில்ல. ஸ்டீராய்டோட மரத்துப்போற மருந்தையும் கலந்து போடுவாங்க. அது சில மணி நேரம் நிக்கும். அப்ப வலி தெரியாது. ஆனா நாண் அப்படியேதான் இருக்கும். அந்த நேரத்துல கைய வச்சு வேல செய்யிறதுதான் ரொம்ப ஆபத்து."

அத்தான் தலையாட்டினார். நானும் அவர் கேட்டுக்கொண்டுவிட்டார் என்றே நம்பினேன். பி.ஆர்.பி. ஊசி போட்டார்கள். இரண்டு வாரம் கல் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அத்தான் அதற்கும் தலையாட்டினார்.

மாலை ஆறு மணிக்கு அவர் கல் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"கொத்தல மாப்ள. சும்மா வீசி மட்டும் குடுக்கேன்."

"அதுக்கும் அதே கைதான அத்தான்?"

"ஞாயித்துக்கிழம கூட்டத்தப் பாரு. நான் உக்காந்துட்டா ஒங்க அக்காவா வீசுவா?"

அக்கா கல்லாவிலிருந்து, "நான் வீசுனா பரோட்டா புதூர்ல போயி விழும்" என்றாள். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தானும் சிரித்துவிட்டு ஒன்றை வீசினார். அவர் முகம் கோணியது. பத்து பதினைந்து பரோட்டாவுக்குப் பிறகு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். மறுநாளிலிருந்து மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி, டாக்டர் போடக் கூடாது என்றதை வேளை தவறாமல் போட்டார். இரண்டு வாரம் கழித்து பி.ஆர்.பி. மோசடி என்று அறிவித்தார்.

"எங்கிட்ட இருந்தே எடுத்து எனக்கே போட்டுட்டு எங்கிட்டயே துட்டு வாங்கிட்டாவ. இப்படி ஒரு யாவாரம் எனக்குத் தெரியாமப் போச்சே."

எதிர்ச்சாரியில் இன்னொரு பரோட்டாக் கடை இருக்கிறது. அதன் மாஸ்டர் ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரர், சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். தொழிலில் போட்டி என்றாலும் கூட்டமில்லாத மத்தியான வேளையில் இங்கே வந்து அத்தானோடு பேசிக்கொண்டிருப்பார். ஒரு வியாழக்கிழமை அவர் தன் முழங்கையைத் தடவியபடி வந்து உட்கார்ந்தார். நான் ஓரமாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, எனக்கும் லேசாப் பிடிக்குது. நீங்க மூணு ஊசி பாத்தவுக. எது நல்ல ஊசி?"

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று ஊசி பார்த்தவருக்கு உரிய நிதானத்தோடு சொன்னார். "மொத ஊசி. சந்தேகமே இல்ல. அன்னைக்கி ஒம்பது மணி வரைக்கும் கொத்துனேன், ஒண்ணும் தெரியல. ரெண்டாவது ஊசி ஏழு, ஏழரைக்கே விட்டுருச்சு. மூணாவது, அந்த ரத்த ஊசி, மாவத் தொடவே விடல. அதப் போட்டுறாதவே."

நான் செய்தித்தாளை மடித்தேன்.

அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அவர் நாட்களையோ வாரங்களையோ ஒப்பிடவில்லை. ஊசி போட்ட அன்று இரவு எத்தனை மணி வரை கல் முன்னால் நிற்க முடிந்தது என்பதையே ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். அது ஊசியின் பலன் இல்லை, மரத்துப்போகிற மருந்து எப்போது இறங்கியது என்கிற விவரம். மரத்துப்போகிற மருந்து கலக்காத பி.ஆர்.பி. அந்தக் கணக்கில் தோற்கத்தான் செய்யும். அவருக்கு வேறு கணக்குக் கிடைக்கவும் வழி இல்லை. எங்கள் ஊருக்கு டாக்டர்கள் வருவது ஞாயிற்றுக்கிழமை. ஊசி மத்தியானம். பரோட்டாக் கடைக்கு வாரத்திலேயே பெரிய கூட்டம் ஞாயிறு மாலை. புதூரிலிருந்தும் எட்டயபுரத்திலிருந்தும் வந்தவர்கள் பஸ்ஸுக்கு முன் சாப்பிடுவார்கள், டவுன் குடும்பங்கள் கொத்து பரோட்டாவுக்கு வரிசையில் நிற்கும். மூன்று ஊசியையும், போட்ட சில மணி நேரத்துக்குள், வாரத்தின் மிகக் கடினமான வேலையை வைத்து அவர் சோதித்திருக்கிறார். நானும் மூன்றாவது டோக்கனை ஞாயிற்றுக்கிழமைக்கே போட்டேன்.

அன்று இரவே வீட்டில் இதைச் சொன்னேன்.

"அத்தான், இனிமே எந்த ஊசின்னாலும் ஞாயித்துக்கிழம வேண்டாம். திங்களோ செவ்வாயோ திருநெல்வேலிக்கே போவோம். அந்த வாரம் கடைய அடைச்சிருங்க."

"திங்கக்கிழம முடியாது. மாவுக்காரரு வருவாரு."

"செவ்வாக்கிழம?"

"செவ்வாக்கிழம ஊசி போடுவாங்களாலே யாராவது?"

அக்காவைப் பார்த்தேன். "நீயாவது சொல்லேன். ஞாயித்துக்கிழம மட்டுமாவது அடைங்க."

"ஏலே, ஞாயித்துக்கிழம அடைச்சா மத்த ஆறு நாளும் எதுக்குத் தொறக்கணும்? வாரத்துக்கு வாடகையும் கேஸும் மாவும் அந்த ஒரு சாயங்காலத்துலதான் வருது. பேப்பர்ல திருத்துத மாதிரி இங்கயும் திருத்தாத."

"மாஸ்டர் ஒருத்தர வைங்க."

"ஞாயித்துக்கிழமைக்கு மாஸ்டர் கெடைப்பானா?" என்றார் அத்தான். "அன்னைக்கித்தான் எல்லாக் கடைக்கும் வேணும்." அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததாலேயே எனக்குக் கோபம் கூடியது. இனிமேல் உங்கள் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரம் பேசவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா போன் செய்தாள். அத்தான் சால்னாச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக் கொடுக்கும்போது அவர் முழங்கையில் ஏதோ பிரிந்த மாதிரி இருந்ததாம். சட்டி சரிந்து, சால்னா கடை முழுக்க ஓடியிருந்தது. நல்லவேளையாகக் காலில் படவில்லை. நான் போனபோது அத்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காபி டம்ளரை எடுத்துக் கொடுத்தேன். வலது கையால் வாங்கினார். விரல்கள் பிடித்தன, ஆனால் தூக்க முடியவில்லை. டம்ளர் மேசையிலேயே சாய்ந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாப்ள" என்றார். "கை போயிருச்சோ?"

அவர் குரலில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை கேட்டதில்லை. என் கோபத்தை வைத்துக்கொண்டு அப்போது எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

மறுநாள், புதன்கிழமை, திருநெல்வேலி போனோம். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக அவரை உட்கார வைத்தேன். வெளியே இன்னும் மழை காணாத கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அத்தான் வலது கையை மடியில் வைத்து, அது தூங்குகிற குழந்தை என்பதுபோல் இடது கையால் மூடியிருந்தார். 

ஸ்கேன் எடுத்தார்கள். மூன்றாவது ஊசி போட்ட அதே டாக்டர் திரையில் காட்டினார். நாண் எலும்பில் ஒட்டுகிற இடத்தில், ஏறக்குறைய பாதி கிழிந்திருந்தது.

"அறுந்திருச்சா சார்?"

"முழுசா இல்ல. பாதி இருக்கு. அதக் காப்பாத்தலாம்."

"இதுக்கு எந்த ஊசி சார் நல்லது?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஊசி இல்ல. மூணு மாசம் வீசக் கூடாது, கொத்தக் கூடாது, சட்டி தூக்கக் கூடாது. வலி பொறுக்குற அளவுக்கு உடற்பயிற்சி இன்னைக்கே சொல்லித் தருவாங்க. சின்ன எடையக் கையில வச்சு, மெதுவா, ரொம்ப மெதுவா இறக்கணும். தினமும். அதுல சேரலன்னா ஆப்பரேசன். இப்பவே திரும்பக் கல்லுக்குப் போனீங்கன்னா மீதியும் போயிரும்."

"ஊசி கெடையவே கெடையாதா?"

"கிடையாது."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அத்தான் வாயைத் திறந்தார். "பெரிய டாக்டருன்னு சொன்ன. ஒரு ஊசி கூடப் போடல."

நான் டிக்கெட்டுக்குச் சில்லறையை எண்ணினேன். பஸ் வந்தது.

வார நாட்களுக்கு ஒரு மாஸ்டர் கிடைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வேறொரு கடைக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தாள். வேறு யாரும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை இரவு ஓர் அட்டையில், ஞாயிறு விடுமுறை என்று அவளே எழுதி ஷட்டரில் ஒட்டினாள். எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. என்னிடம் காட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான் போனபோது, மூடிய ஷட்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தான் உட்கார்ந்திருந்தார், பக்கத்துப் படியில் அக்கா. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி முன்கையைத் தொடையில் வைத்து, உப்புப் பாக்கெட் ஒன்றை வலது கையில் பிடித்திருந்தார். இடது கையின் உதவியோடு அதை மேலே கொண்டுபோய், வலது மணிக்கட்டால் மட்டும் மெதுவாக இறக்கினார். மறுபடி மேலே. மறுபடி இறக்கம். அவருக்கு அவசரமில்லாத ஒரு வேலையை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"எப்படி இருக்கு?"

"உப்புப் பாக்கெட்டத் தூக்கிட்டு உக்காந்திருக்கேன் மாப்ள. இவன் பரோட்டாக் கட வச்சிருந்தவன்னு வெளிய சொல்லிராத."

புதூர்ச் சம்சாரி பையோடு வந்தார். அட்டையைப் படித்தார். "என்ன அண்ணாச்சி, அடைச்சிட்டிய?" அத்தான் உப்புப் பாக்கெட்டைக் காட்டினார். சம்சாரி பையை மற்றக் கைக்கு மாற்றினார். "அந்த வெள்ள ஊசி..." என்று தொடங்கியவர் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார். அவருக்குப் பின்னால் இரண்டு குடும்பங்கள் போயின. எங்கள் கடையில் நின்றிருக்க வேண்டிய வரிசை அங்கே வாசல் தாண்டி நின்றது.

"போகட்டும்" என்றாள் அக்கா. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

எதிர்க்கடையில் விளக்குப் போட்டார்கள். அத்தான் பாக்கெட்டை மெதுவாக இறக்கியபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஓட்டப்பிடாரத்து மாஸ்டர் பரோட்டாவைப் பிய்த்துக் கல்லில் போட்டார், முட்டையை உடைத்து ஊற்றினார், கொத்துக் கரண்டியை எடுத்தார். கையை நன்றாக உயர்த்தினார். அவருடைய வலது முழங்கையின் வெளிப்புறத்தில் வட்டமாக ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.